இரண்டாவது சாட்சியம்

2016-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு மாலையில், தியான இல்லம் ஒன்றின் மேடையேறி நாங்கள் இருவரும் சாட்சியம் கூறினோம். கணவனும் மனைவியுமாக ஒலிபெருக்கியின் முன் நின்று, எங்கள் மகன் முற்றிலும் நலம்பெற்றுவிட்டான் என்றோம். நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் விழுங்கிவந்த மாத்திரைகளை விட்டுவிட்டான் என்றோம். பத்து வாரங்களாகியும் நோயின் சுவடே இல்லை என்றோம். பந்தல் நிறைந்திருந்த மக்கள் கைதட்டி ஆண்டவரைப் புகழ்ந்தார்கள். எங்கள் கண்களிலும் நீர் வழிந்தது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

அதற்குப் பின் நடந்தவற்றை நாங்கள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது பெருங்குறை என்று மனச்சான்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் சொல்லைக் கேட்டு அன்று கைதட்டியவர்களில், மாத்திரை அட்டையைக் குப்பையில் எறிந்த பெற்றோர் எத்தனை பேரோ? அவர்களுள் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்றே இதை எழுதுகிறோம். எழுதியதை மகனிடம் முதலில் கொடுத்தோம். அவன் இரண்டு வரிகளை நீக்கச் சொன்னான், நீக்கினோம். மற்றவை இருக்கட்டும் என்றான்.

எங்கள் ஊர் காக்களூர். திருவள்ளூரை ஒட்டி, ஏரியும் ஆவின் பால்பண்ணையும் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர். இங்கே பொழுது விடிவதும் அடைவதும் சூரியனைக் கொண்டு அல்ல, பணி முறையைக் கொண்டு. முதல் முறை, இரண்டாம் முறை, இரவு முறை என்று மூன்றாகப் பகுக்கப்பட்ட நாளில், ஒரு வீட்டில் ஒருவர் உறங்கும்போது மற்றொருவர் உணவுப் பெட்டியோடு புறப்படுவார். எங்கள் மகன் ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்துவிட்டு, இத்தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் லேத் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வாகன உதிரிப் பாகங்களைக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து, சரியெனில் ஒரு பக்கமும் பிழையெனில் மறுபக்கமும் வைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் வரும் ஒரு பங்குக்குள் நன்மையும் தீமையும் அங்கே பிரிந்துவிடும். அந்த வேலையில் அவனுக்குப் பெருமிதம் உண்டு.

2012-இல், அவனது இருபத்து மூன்றாம் வயதில், நோய் முதன்முறை வெளிப்பட்டது. மருத்துவர்கள் அதை இருமுனை மனநிலைக் கோளாறு என்றார்கள். ஒரு முனையில் அளவிறந்த எழுச்சி, உறக்கமின்மை, ஓயாத பேச்சு, கைக்கு வந்த பணத்தையெல்லாம் வாரியிறைக்கும் வேகம். மறுமுனையில், படுக்கையிலிருந்து எழவும் மனமில்லாத இருள். லித்தியம் என்ற மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் மகன் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான். மீண்டும் பட்டறைக்குப் போனான். அடுத்து வந்த நான்கு ஆண்டுகளும் நல்ல ஆண்டுகளே.

ஆனால் மருந்து தன் பங்குக்கு ஒரு வரி வசூலித்தது. தாகம் அதிகரித்தது, உடல் பருத்தது, எல்லாவற்றிலும் கொடிதாக, விரல்கள் மெல்ல நடுங்கின. கோப்பையில் தேநீர் சிந்தாத அளவுக்குச் சிறிய நடுக்கந்தான். எனினும் மைக்ரோமீட்டரின் திருகைப் பிடிக்கும் விரலுக்கு அது பெரிது. ஒருநாள் உடன் வேலை செய்பவன், இரவெல்லாம் குடித்துவிட்டு வந்தாயா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டான். அன்று மாலை மகன் உண்ணவில்லை. அதே வேளையில் பெண் பார்க்கும் பேச்சும் எழுந்திருந்தது. மாத்திரைப் பெட்டியைக் காட்டினால் யார் பெண் கொடுப்பார்கள் என்று உறவினர் ஒருவர் கேட்டார். நடுக்கத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போனால் சீட்டை நீட்டுவோம், மாத்திரை வாங்குவோம், திரும்புவோம். நலமா என்று அவர் கேட்டால், நலம் என்போம்.

இந்நிலையில்தான் 2016 தொடக்கத்தில் அந்தத் தியானத்திற்குச் சென்றோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தை நிறுத்துங்கள் என்று அங்கே எவரும் எங்களிடம் கூறவில்லை. பிறருடைய சாட்சியங்களைக் கேட்டோம், மூன்று நாள் செபித்தோம், மனம் இளகிற்று. வீடு திரும்பியதும் மகன், இனி வேண்டாமே என்றான். நாங்களும், வேண்டாம் என்றோம். எஞ்சியிருந்த அட்டைகளை வீட்டுப் பீடத்தில் ஆரோக்கிய அன்னையின் சுரூபத்திற்குப் பின்னால் வைத்தோம். நான்கு ஆண்டுகள் உடலில் ஊறியிருந்த மருந்தை ஒரே இரவில் நிறுத்தினோம். அதை நாங்கள் நம்பிக்கை என்று அழைத்தோம்.

முதல் பத்து வாரங்கள் வசந்தகாலம் போலிருந்தன. நடுக்கம் நின்றது. எடை குறைந்தது. மகன் பாடினான். எங்களுக்கு வேறென்ன சான்று வேண்டும்? இந்த நோயின் இயல்பு எங்களுக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. மருந்தின் தொல்லைகள் சில நாளில் விலகிவிடும். நோயோ வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருந்து திரும்பும். இடைப்பட்ட அந்த இனிய காலத்தைத்தான் பலரும் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்துவோருக்கு, படிப்படியாகக் குறைப்போரைவிட, நோய் விரைந்து திரும்பும் ஆபத்து அதிகம் என்று பிற்பாடு அறிந்தோம். நாங்கள் மேடையேறியது அந்த இடைவெளியில்தான்.

ஜூன் மாதத்தில் இரவு முறை வந்தது. பகலில் உறங்க வேண்டியவன் உறங்கவில்லை. முதலில் நான்கு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு அதுவும் இல்லை. இரவுப் பணியும் உறக்கக்கேடும் இந்நோயைத் தூண்டிவிடக்கூடியவை. ஜூலை முதல் வாரத்தில் பட்டறையின் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து, "ஐயா, தம்பி இரவு இரண்டு மணிக்கு எல்லா இயந்திரங்களின் அமைப்பையும் மாற்றி வைக்கிறான், கேட்டால் உற்பத்தியை மும்மடங்காக்கப் போவதாகச் சொல்கிறான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. அடுத்த வாரம், திருவள்ளூர் இரயில் நிலைய வாசலில் முன்பின் அறியாத ஒருவரிடம் தன் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுத்துவிட்டு, காக்களூர் வரை நடந்தே வந்தான். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கண்டபோதே எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்கிய பின்னும் மருத்துவமனைக்குப் போக எட்டு வாரங்கள் எடுத்துக்கொண்டோம். இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. பணம் இல்லாமல் அல்ல. ஊர்தி இல்லாமலும் அல்ல. சாட்சியம் சொல்லிவிட்டோமே! நலம்பெற்றான் என்று நூற்றுக்கணக்கானோர் முன் முழங்கிய வாய், நலமில்லை என்று எப்படிச் சொல்லும்? மருத்துவமனைக்குப் போனால் ஆண்டவருடைய பெயருக்கு இழுக்கு நேருமே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நாங்கள் காத்துக்கொண்டிருந்தது ஆண்டவருடைய பெயரை அல்ல, எங்கள் பெயரை. இறைவனுக்கு எங்கள் பாதுகாப்புத் தேவைப்பட்டிருக்காது. மகனுக்குத் தேவைப்பட்டது.

ஆகஸ்ட் இறுதியில் நிலைமை முற்றியது. ஏரிக்கரை வழியே நள்ளிரவில் நடக்கத் தொடங்கினான். அவன் உயிருக்கு அஞ்சி, ஒன்பது இரவுகள் அவனை அறைக்குள் விட்டு வெளியே தாழிட்டோம். உள்ளே அவன் பாடுவான், அழுவான், கதவைத் தட்டுவான். வெளியே நாங்கள் செபமாலை சொல்வோம். ஒன்பதாம் இரவில், செபமாலையின் நடுவே, ஏர்வாடி நினைவுக்கு வந்தது.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கூரைக் கொட்டகை ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணைத்தவர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோரும் அவர்களை வெறுத்தவர்கள் அல்லர். எல்லாச் சமயத்தாரும் அங்கே தம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். நம்பிக்கை குணமாக்கும், அதுவரை சங்கிலி காக்கும் என்று எண்ணினார்கள். திருச்சபையின் நாட்காட்டியில் அது ஆண்டவரின் உருமாற்றத் திருவிழா. மலையுச்சியில் ஒளி தோன்றிய அவ்வேளையில், அடிவாரத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்திருந்தான் என்று நற்செய்தி சொல்கிறது. எங்கள் கதவின் தாழ்ப்பாளுக்கும் அந்தச் சங்கிலிக்கும் என்ன வேறுபாடு? தாழ்ப்பாளைத் திறந்தோம். மூவரும் விடியும் வரை விழித்திருந்தோம்.

காலையில், செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவர், எங்கள் அன்பியத்திலிருந்து செய்தி அறிந்து வந்தார். எங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது உறங்கினான், தண்ணீர் குடிக்கிறானா, மருந்தை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சாட்சியத்தைப் பற்றி நாங்களே சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை மறந்துவிட்டீர்களே என்றார்.

பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு ஊருக்கு வெளியே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். அவர் கண்களைத் தொட்டுவிட்டு, ஏதேனும் தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போல் தெரிகிறார்கள் என்கிறார் அவர். எனவே ஆண்டவர் மீண்டும் அவர் கண்கள்மீது கைவைக்கிறார். அதன் பின்னரே எல்லாம் தெளிவாகிறது. எத்தனை முறை இப்பகுதியைத் திருப்பலியில் கேட்டிருக்கிறோம்! ஒரே சொல்லால் இறந்தவரை எழுப்பியவர் இங்கே இருமுறை தொடுகிறார். அந்த மனிதர் முதல் தொடுதலிலேயே, எல்லாம் நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே என்று மரியாதைக்காகச் சொல்லியிருந்தால்? மரங்களைப் போன்ற மனிதர்களோடு வீடு திரும்பியிருப்பார். அரைகுறையாகத் தெரிகிறது என்று உண்மை சொன்னார். அதனால்தான் இரண்டாம் தொடுதல் கிடைத்தது. நாங்களோ மேடையில் மரியாதைக்குரிய பதிலைச் சொல்லிவிட்டிருந்தோம்.

2016 செப்டம்பர் 4, ஞாயிறு. உரோமையில் அன்னை தெரேசா புனிதராக அறிவிக்கப்பட்ட நாள். இரக்கத்தின் யூபிலி ஆண்டும் அதுவே. மறுநாள் காலை, அருட்சகோதரி துணைவர, வாடகைக் காரில் மகனைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்திற்கு அழைத்துச் சென்றோம்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரைத் தமிழன் ஏசுவதற்கு வைத்திருக்கிறான். திரைப்படத்தில் அப்பெயரைச் சொன்னாலே சிரிப்பொலி எழும், நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்த வாயிலில் நின்றபோது அச்சிரிப்புகள் எல்லாம் திரும்ப வந்து நெஞ்சில் தைத்தன. 1794-இல் வாலன்டைன் கனோலி என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த நிறுவனம் அது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். மனநோயாளி குணமானபின் எங்கே போவார், யார் வேலை கொடுப்பார் என்ற கேள்வியைச் சுமந்து, 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. 2021 டிசம்பரில், தமது 98-ஆம் வயதில் காலமானார்.

அன்று அங்கே எங்களைச் சந்தித்த மருத்துவர் இளையவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று அதட்டுவார் என அஞ்சியிருந்தோம். அவரோ, எந்தத் தொல்லையால் நிறுத்தினான் என்று கேட்டார். விரல் நடுக்கத்தையும் மைக்ரோமீட்டரையும் பற்றிச் சொன்னோம். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். "இதை முன்பே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், நடுக்கத்திற்கென்றே ஒரு சிறு மாத்திரையும் இருக்கிறதே" என்றார். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டை உலுக்கிய கேள்விக்கு ஒரு வரியில் விடை இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

மருத்துவம் மீண்டும் தொடங்கியது. தொடங்கியது என்று எளிதில் எழுதிவிட்டோம். விட்ட இடத்திலிருந்து தொடர்வது போன்றதன்று அது. சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளை முதலிலிருந்து செய்தார்கள். லித்தியத்தைச் சிறு அளவில் ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் கழித்து, கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆனபின் இரத்தம் எடுத்து, மருந்தின் செறிவை அளந்தார்கள். அதைப் பார்த்து அளவைக் கூட்டினார்கள், மீண்டும் அளந்தார்கள். எழுச்சியை அடக்க ஒலன்சபின் என்ற மருந்தையும் 15 மில்லிகிராம் அளவில் சேர்த்தார்கள். மகன் ஐந்து வாரம் உள்நோயாளியாக இருந்தான். முதல் இரண்டு வாரங்கள் எங்கள் முகத்தைப் பார்க்க மறுத்தான். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், "நான் யாருக்கு வண்டியைக் கொடுத்தேன்?" என்று கேட்டான். தெரியாது என்றோம். தலைகவிழ்ந்து அழுதான். மகன் திரும்பிவிட்டான் என்று அந்த அழுகையால் அறிந்தோம்.

லித்தியத்தைப் பற்றி அருட்சகோதரி எங்களுக்குப் பாடம் போலச் சொல்லிக்கொடுத்தார். அது பூமியில் கிடைக்கும் எளிய தனிமம். அதன் உப்பே மருந்து. நம் சிறுநீரகம் சமையலுப்பைப் போலவே அதையும் நடத்துகிறது. பட்டறை வெப்பத்தில் வியர்த்து உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தத்தில் செறிவு ஏறிவிடும். நோய் திரும்பாமல் காக்கப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தோன்றலாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அவ்வளவு குறுகிய பாதை. ஆகவேதான் அந்த இரத்தப் பரிசோதனை. ஆகவேதான் நீரின்றி நோன்பிருப்பதும், இடுப்புவலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரையைத் தானே வாங்கி விழுங்குவதும் கூடாது. நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அந்த ஐந்து வாரங்களில் இம்மருந்தின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தவர். போர் முடிந்தபின் மெல்போர்ன் அருகே பண்டூராவில் இருந்த மருத்துவமனையில், எழுச்சி நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்தார். அவருடைய முதல் நோயாளிக்கு வயது 51. ஐந்தாண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்தவர். 1948 மார்ச் இறுதியில் மருந்து தொடங்கியது. ஜூலையில் அவர் வீடு திரும்பினார். பழைய வேலைக்கும் போனார். பிறகு மருந்தை விட்டுவிட்டார். 1949 ஜனவரி இறுதியில் பழைய நிலையில் மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். மீண்டும் மருந்து, ஒரு மாதத்தில் மீண்டும் நலம்.

இதைப் படித்த இரவில் எங்களுக்கு நெடுநாளுக்குப் பின் உறக்கம் வந்தது. லித்தியத்தால் நலம்பெற்ற முதல் நோயாளிகளுள் ஒருவரே அதை நிறுத்தியவர். நிறுத்தி, விழுந்து, மீண்டும் தொடங்கியவர். எங்கள் மகன் புதிதாக எந்தப் பாவமும் செய்துவிடவில்லை. ஆனால் அக்கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதே மனிதர் 1950-இல் லித்தியம் அளவுமீறி நஞ்சானதால் இறந்தார். இரத்தத்தில் அதன் செறிவை அளந்து பார்க்கும் வழக்கம் அன்று வரவில்லை. அளக்கும் முறை பரவியபின், 1954-இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ என்பவர் முறையான ஆய்வின் மூலம் மருந்தின் பயனை நிலைநாட்டினார். அவருடைய உடன்பிறந்தவரே மனநோயால் துன்புற்று, பின்னர் லித்தியத்தால் நலம்பெற்றவர். 1970-இல் அமெரிக்காவும் அதை ஏற்றது. மருந்தை அஞ்சுவோரின் அச்சமும் பொய்யன்று, மருந்தை நம்புவோரின் நம்பிக்கையும் பொய்யன்று. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அளவுகோல் வேண்டும். மைக்ரோமீட்டர் பிடிக்கும் மகனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் மருந்தை ஒருநாளும் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம், எங்கள் வீட்டிலேயே குறைத்தோம். 2017 மார்ச்சில், ஆறு மாத நலத்திற்குப் பின், ஒலன்சபினைக் குறைக்கலாமா என்று மகனே மருத்துவரைக் கேட்டான். பதினைந்திலிருந்து பத்து, மூன்று மாதம் கழித்து ஏழரை, பிறகு ஐந்து. ஐந்துக்கு வந்தபோது மூன்று இரவுகள் உறக்கம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. முன்பானால் மறைத்திருப்போம். இம்முறை மறுநாளே தெரிவித்தோம். மருத்துவர் ஏழரைக்குத் திரும்பச் சொன்னார். இரண்டு மாதம் நிறுத்தி, மறுபடியும் இறங்கச் சொன்னார். 2018 இறுதியில் ஒலன்சபின் முற்றிலும் நின்றது. லித்தியம் தொடர்கிறது. அதன் செறிவு 0.9-லிருந்து 0.7-க்குக் குறைக்கப்பட்டதும் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இரவு முறை வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பட்டறை உரிமையாளர் மறுப்பின்றி ஏற்றார்.

ஆக, மருந்தைக் குறைப்பது வேறு, மருந்தை விட்டு ஓடுவது வேறு. குறைப்பவர் படியில் இறங்குகிறார், கைப்பிடி உண்டு, கால் இடறினால் ஒரு படி மேலேறி நிற்கலாம். ஓடுபவர் மாடியிலிருந்து குதிக்கிறார். படியில் இறங்குவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நீண்டகால மனச்சிதைவு முதலிய நோயுடைய 253 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தோரில் 25 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் கடுமையாகத் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தோரில் அது 13 விழுக்காடு. நாலில் மூவருக்குக் கடுமையாகத் திரும்பவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் தம் பிள்ளை இருப்பான் என்று முன்கூட்டி அறிந்த பெற்றோர் எவரும் இல்லை. எனவேதான் இறங்கும்போது உடன் ஒருவர் வேண்டும்.

நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்றொரு நூல் உண்டு. அதன் 38-ஆம் அதிகாரம் நோயாளியை நோக்கி, முதலில் இறைவனிடம் மன்றாடச் சொல்கிறது. பிறகு மருத்துவருக்கு இடம்கொடுக்கச் சொல்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து தோற்றுவித்தவர் ஆண்டவரே என்றும் கூறுகிறது. மண்ணிலிருந்து எடுக்கும் உப்பு எங்கள் மகனை நிலைநிறுத்துவதைக் காணும்போதெல்லாம் அந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்கிறோம்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் தந்தை லூயி மார்ட்டினையும் நினைத்துக்கொள்கிறோம். 1889-இல் அவருடைய அறிவு தடுமாறியதால், பிரான்சின் கான் நகரத்து மனநல மருத்துவமனையில் மூன்றாண்டுகளுக்கு மேல் இருக்க நேர்ந்தது. மகள்கள் துறவறம் பூண்டதால்தான் தகப்பனுக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மகள் மடத்திற்குள் செபித்தாள். 2015 அக்டோபர் 18 அன்று லூயி மார்ட்டின் தம் மனைவியுடன் புனிதராக அறிவிக்கப்பட்டார். மனநல மருத்துவமனையின் கட்டிலில் கிடந்த ஒருவரைத் திருச்சபை பலிபீடத்திற்கு உயர்த்தியிருக்கும்போது, மாத்திரைப் பெட்டியை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

2016 அக்டோபரில் மகன் வீடு திரும்பிய மறுநாள், எங்கள் பங்குத்தந்தையிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றோம். தாழிட்ட கதவையும், தாமதித்த எட்டு வாரங்களையும், மேடைச் சாட்சியத்தையும் அறிக்கையிட்டோம். அவர் எங்களுக்கு அளித்த பரிகாரத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்: இதே நோயுள்ள மற்றொரு குடும்பத்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றார். ஒன்றல்ல, இதுவரை மூன்று குடும்பங்களோடு சென்றிருக்கிறோம். இப்போது வழியும் முன்னைவிட எளிது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 2022 முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே ஆண்டு தொடங்கப்பட்ட 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில், எந்த நேரத்திலும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

மருந்தை விட்டுவிட்டு, மீண்டும் தொடங்க வெட்கப்பட்டு நிற்கும் சகோதரரே, சகோதரியே, உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல விரும்புகிறோம். இரண்டாம் முறை மருத்துவரின் வாசலை மிதிப்பது முதல் முறை பெற்ற அருளை மறுதலிப்பதாகாது. எங்கள் செபம் வீணாகவில்லை. அது கேட்கப்பட்டது, நாங்கள் எதிர்பார்த்த வாசல் வழியாக அல்ல, நாங்கள் வெட்கப்பட்ட வாசல் வழியாக. அனுதின உணவை அன்றன்றுதான் கேட்கிறோம். நேற்று உண்டோம் என்பதற்காக இன்று பசிக்கக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுப் பீடத்தில் இன்றும் ஆரோக்கிய அன்னையின் சுரூபம் இருக்கிறது. மாத்திரை அட்டை இப்போது அன்னைக்குப் பின்னால் இல்லை. பாதத்தருகே, வருவோர் போவோர் கண்ணில் படும்படி இருக்கிறது. இரவு எட்டரை மணிக்குக் குடும்பச் செபம் முடிந்ததும் மகன் ஒரு குவளை நீரோடு வந்து, மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, மறுநாள் முதல் முறைப் பணிக்காக உறங்கப் போகிறான். சில நாட்களில் விரல் இன்னும் லேசாக நடுங்குகிறது. அதை இப்போது அவன் ஒளிப்பதில்லை.

அன்று மேடையில் நாங்கள் சொன்னது, முதல் தொடுதலுக்குப் பின் அவசரப்பட்டுச் சொன்னது. இரண்டாம் தொடுதலுக்குப் பின் சொல்வது இது.